வீடென்று சொல்ல மாட்டாராம் மேஸ்திரி

1943 ஜூலை 6, செவ்வாய்

காலையிலிருந்து மேற்குக் காற்று. வாயைத் திறந்தால் மண். இது போன வருஷத்து டைரி. காகிதப் பஞ்சத்தில் புதுசு கிடைக்கவில்லை. கிழமையை அடித்து அடித்து எழுத வேண்டியிருக்கிறது.

இன்றைக்குச் செய்ய நினைத்தவை: ஆஸ்பத்திரி வெந்நீர் அண்டாவுக்கு ஈயம் பூசக் கொடுப்பது. மண்ணெண்ணெய்க்குப் போய் நிற்பது. ஆசாரியைப் பிடித்து வாசல் நிலை எப்போது முடியும் என்று கேட்பது. ஒன்றும் நடக்கவில்லை. மிலிட்டரி லாரி என் வீட்டை இடித்துவிட்டது.

வீடு என்று எழுதிவிட்டேன். கருப்பையா மேஸ்திரி பார்த்தால் சண்டைக்கு வருவார். வாசலில் நிலை வைத்து, பால் காய்ச்சிக் குடி போகிற வரைக்கும் அதை வீடு என்று சொல்லக் கூடாதாம். 'வேலை' என்றுதான் சொல்ல வேண்டுமாம். 'நர்ஸம்மா வேலை', 'திருச்சி ரோட்டு வேலை', இப்படி. அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து இதே கண்டிப்பு. டைரியில் என் இஷ்டம். என் வீடு. என் வீடு. என் வீடு.

நடந்தது இது. திருச்சி ரோட்டில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நடுவில் ஒன்று மாட்டுவண்டிக்கு ஒதுங்கப் போய், பள்ளத்தில் இறங்கி, நேரே முன்சுவருக்குள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிப் போய்ப் பார்த்தபோது சாரம் எல்லாம் லாரி மேல் கிடந்தது. ஆட்கள் கஞ்சி குடிக்க வேப்பமரத்தடிக்குப் போயிருந்த நேரம், தப்பித்தோம். சித்தாள் அழகம்மாளுக்கு மட்டும் முழங்கையில் சிராய்ப்பு.

ஓட்டி வந்தவன் வடக்கத்திச் சிப்பாய். நெற்றியில் வெட்டு. கட்டுப் போட்டேன். போட்டுக்கொண்டே திட்டினேன். அவனுக்குத் தமிழ் தெரியாததால் மனம் நிறையத் திட்ட முடிந்தது. அவன் கண் கலங்கி ஏதோ சொன்னான். மன்னிப்புத்தான் கேட்டிருப்பான். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

முன்சுவர் முழுக்கப் போச்சு. தெற்குச் சுவரில் கை நுழைகிற விரிசல். பின்னறை தப்பித்தது.

ஆவணியில் குடி போவதாக இருந்தேன். இப்போது இருக்கிற வாடகை அறையை விடச் சொல்லியாயிற்று. வீட்டுக்காரம்மாவின் தம்பி குடும்பம் ரங்கூனிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்கள், கூடத்தில் வரிசையாகப் படுத்துக் கிடக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் சேமிப்பெல்லாம் அந்தச் சுவரில். மிலிட்டரிக்காரன் நஷ்டஈடு கொடுத்தால் சுவர் எழும்பும். கொடுக்காவிட்டால் ஆலங்குடிக்குத் தம்பி வீட்டுக்குப் போய், சம்பளத்தையும் விட்டு, மூலையில் உட்கார வேண்டியதுதான்.

கொடுப்பார்கள். வாங்காமல் விடுகிற ஆளா நான்.

ஜூலை 8, வியாழன்

காற்று நிற்கவில்லை. அண்டா ஈயம் பூச அனுப்பியாச்சு.

இன்ஷூரன்ஸ் ரெங்கசாமி ஆஸ்பத்திரிக்கு மச்சினி பிள்ளையைப் பார்க்க வந்தார். வாசலிலேயே மடக்கினேன். போன தையில் யுத்த இன்ஷூரன்ஸ், யுத்த இன்ஷூரன்ஸ் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தவர் இவர்தான்.

"அது இருக்கும்மா. மில்லுக்கு இருக்கு. கிட்டங்கியில மூட்டை போட்டு வச்சிருக்கிற சரக்குக்கு இருக்கு. வீட்டுக்கு இல்லை."

"எனக்கு நடந்தது யுத்த சேதமா இல்லையா?"

"எதிரி இடிச்சாத்தாம்மா யுத்த சேதம். இது நம்ம லாரில்ல?"

"ஜப்பான்காரன் லாரியா இருந்தா கொடுத்திருப்பாங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "அப்பவும் வீட்டுக்குக் கிடையாதும்மா."

இந்த ஊரில் என் சுவரை இடிக்கத் தகுந்தவன் யார் என்று கேட்டேன். சிரித்தார். பிறகு, நான் அந்த நேரம் சுவரோரம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும், ஆயுள் இன்ஷூரன்ஸ் ஒன்று எடுத்து வைத்தால் என்ன என்று ஆரம்பித்தார். எனக்குப் பின்னால் யாருக்கு என்று கேட்டேன். அதோடு அதை விட்டார். நல்ல மனுஷர், வாய்தான் அடங்காது.

போகும்போது உருப்படியாக ஒன்று சொன்னார். மிலிட்டரி லாரி இடித்தால் மிலிட்டரியே நஷ்டஈடு கொடுக்கும். தாலுகா கச்சேரியில் மனு வாங்குகிறார்கள். அங்கே ஒரு குமாஸ்தா இருக்கிறார், கறாரான ஆள், பார்த்துப் பேசுங்கள் என்றார்.

பார்த்துப் பேசுவதாவது. கத்துகிற பெண்பிள்ளைகளைத் தினம் சமாளிக்கிறேன்.

ஜூலை 12, திங்கள்

மனு கொடுத்தாச்சு. சில்லறைத் தட்டுப்பாடு. ஸ்டாம்பு விற்கிறவர் மீதிக்குப் பதில் வெற்றிலை கொடுத்தார். எனக்கு எதற்கு வெற்றிலை. மேஸ்திரிக்குக் கொடுத்தேன்.

குமாஸ்தா ஒல்லி, கண்ணாடி, மூக்குப்பொடி. மரியாதையாகத்தான் பேசினார். விதி இதுதானாம்: இடிபட்டது குடியிருக்கிற வீடு என்றால் பழையபடி கட்டித் தர ஆகிற செலவு முழுக்கக் கிடைக்கும். வீடு இல்லை என்றால் உடைந்த செங்கலுக்கு உண்டான விலை, அதிலும் உடையாத செங்கலைக் கழித்துக்கொண்டு.

"எனக்கு வீடுதான்" என்றேன்.

"வந்து பார்த்துட்டு எழுதுறோம்மா."

பார்க்கட்டும். கண் இருக்கிறவனுக்குத் தெரியும்.

ஆசாரி இன்றும் இல்லை. மிலிட்டரி கேம்ப்பில் கட்டில் செய்யப் போனவர் இன்னும் திரும்பவில்லையாம். இந்த வாசல் நிலையால்தான் எல்லாத் தாமதமும். ஆலங்குடிப் பலாமரம், தம்பி அனுப்பியது. பர்மா தேக்கு இனி எங்கே. நிலை வராததால் வாசலுக்கு இடைவெளி விட்டுச் சுவரை எழுப்பினார் மேஸ்திரி. அந்த இடைவெளி மட்டும் லாரிக்குத் தப்பித்தது என்று அழகம்மாள் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஜூலை 15, வியாழன்

கால் முன்னால் வந்த பிரசவம். குடுமியான்மலைப் பெண், புருஷன் பட்டாளத்தில், எந்த ஊரில் என்று அவளுக்கே தெரியாது. விடியலில் கொண்டு வந்தார்கள். டாக்டரம்மா ரஜாவில். நான் மட்டும். மத்தியானம் தாண்டிப் பிறந்தது, நீலம் பாரித்து, சத்தமே இல்லை. தட்டினேன், ஊதினேன், வெந்நீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினேன். கடைசியில் ஒரு பூனைச் சத்தம். பிறகு நல்ல அழுகை. ஆண்பிள்ளை. வெளியே அவள் ஆத்தா, "உசுரு இருக்கா, உசுரு இருக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கதவைத் திறந்து பிள்ளையை அவள் கையில் கொடுத்தேன்.

கை கழுவிவிட்டு வெளியே வந்தால் மேஸ்திரி நிற்கிறார், தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு. கச்சேரியிலிருந்து குமாஸ்தாவும் ஓவர்சியரும் இன்று வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

"நீங்க இல்லைன்னா என்னங்க, நான் இருக்கேன்ல. நல்ல மாதிரியாப் பேசி அனுப்பிட்டேன்."

"என்ன கேட்டாங்க?"

"எத்தனை நாளா வேலை நடக்குது, என்ன ஏதுன்னாக. எல்லாம் உள்ளது உள்ளபடி சொல்லியாச்சு. குடிக்க மோரும் வாங்கிக் கொடுத்தேன்."

சந்தோஷமாக இருந்தது. நல்ல நாள். தூக்கம் வருகிறது.

ஜூலை 19, திங்கள்

உள்ளது உள்ளபடியாம்!

கச்சேரிக்குப் போனேன். குமாஸ்தா தாளைத் திருப்பிக் காட்டினார். 'வீடு இல்லை. கட்டுமானத்துக்காக அடுக்கிய செங்கல்.' எனக்கு ஒரு நிமிஷம் எழுத்தே தெரியவில்லை.

"யார் சொன்னது?"

"கட்டுற மேஸ்திரியே சொன்னாரும்மா. இது நர்ஸம்மா வீடான்னு கேட்டேன். வீடு இல்லீங்கன்னார். சரியாக் கேட்டுக்குவோம்னு திருப்பியும் கேட்டேன். 'இன்னும் வீடாகலைங்க, வீடுன்னு சொல்லாதீங்க'ன்னு என்னையே அதட்டினார்."

மோர் வாங்கிக் கொடுத்து அதட்டியிருக்கிறார்.

இது எங்கள் பக்கத்துக் கொத்து வேலைக்காரர்களின் வழக்கம், நிலை வைத்துப் பால் காய்ச்சாமல் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று எடுத்துச் சொன்னேன். அவருக்கும் தெரியும். அவர் வீடு கட்டியபோதும் அப்படித்தானாம். "ஆனா நான் எழுத வேண்டியது அவர் வாயில வந்ததைத்தானேம்மா?"

"பேர் வைக்காத பிள்ளை மேல லாரி ஏறினா, அது பிள்ளையே இல்லைன்னு எழுதுவீங்களா?"

"பிள்ளை அழும்மா. சுவர் அழாது."

அந்த ஆள் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது, அதை நினைத்தால் இன்னும் எரிச்சல்.

கட்டடம் என்று எழுதுங்களேன், மேஸ்திரி அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார் என்றேன். மாட்டுத் தொழுவமும் கட்டடம்தான், அதற்குச் செங்கல் விலைதான் என்றார். ஆகஸ்ட் நாலாம் தேதி திருச்சியிலிருந்து ஒரு கேப்டன் நேரில் வந்து பார்த்து முடிவு செய்கிறாராம். அவர் முன்னால் மேஸ்திரி தன் வாயால் வீடு என்று சொல்லிவிட்டால் மாற்றி எழுதிக்கொள்ளலாம். நான் சொன்னால் செல்லாது. சொத்துக்கு உடையவர் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம்.

ஒரு வார்த்தை. அவ்வளவுதானே. நாளைக்கே சொல்ல வைக்கிறேன்.

ஜூலை 20, செவ்வாய்

சொல்ல மாட்டாராம்.

காலையில் போனேன். இடிந்த செங்கலில் முழுசைத் தனியே, அரையைத் தனியே அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டதும் கையில் இருந்த செங்கலைக் கீழே வைத்துவிட்டார்.

"அது மட்டும் ஆகாதுங்க."

"ஏன்?"

"கொடும்பாளூர்ல ஒரு வேலை. எளவட்டத்துல நான் வாய் துடுக்காச் சொல்லிப்புட்டேன், வீடு நல்லா வந்திருக்குன்னு. நெலை வைக்கல அப்ப. அந்த வேலை அம்புட்டுத்தான். இன்னைக்கு வரைக்கும் அங்கிட்டு ஒருத்தரும் குடியிருக்கல. வௌவாதான் இருக்கு."

"அது உங்க வாயால வந்த வினையா?"

"எந்த வாயால வந்துச்சோ. ஒங்க வேலையில நான் அதைச் செய்ய மாட்டேன். என் மக வயித்துப் பேரனை எடுத்துக் கொடுத்த கைங்க ஒங்க கை. ஒங்களுக்குப் போயி கேடு நெனைப்பேனா?"

நான் கத்தினேன். உங்கள் வாய்க்குப் பயந்து என்னைத் தெருவில் நிறுத்துகிறீர்கள் என்றேன். சித்தாள்கள் எல்லாம் வேலையை விட்டுப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "கூலி வேணாங்க. நானே கட்டித் தாரேன்" என்றார். செங்கலும் சுண்ணாம்பும் யார் தருவார்கள்? அதற்கும் "நான் பாத்துக்கிறேன்" என்றார். எதை வைத்துப் பார்த்துக்கொள்வார், பாவம். அவர் கூரையே ஒழுகுகிறது.

கோபமாகவே திரும்பி வந்தேன். வழியெல்லாம் அவர் சொன்ன 'ஒங்களுக்குப் போயி கேடு நெனைப்பேனா' கூடவே வந்தது. பொய் சொல்லச் சொல்லவில்லை, உண்மையைச் சொல்லத்தான் சொல்கிறேன். அதைச் சொல்ல ஒரு மனுஷன் இப்படி நடுங்கினால் என்னதான் செய்வது.

அண்டா வந்துவிட்டது. பளபளப்பு.

ஜூலை 24, சனி

தம்பி முத்தையா ஆலங்குடியிலிருந்து வந்தான். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ். மூஞ்சியெல்லாம் கரி. மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினார்களாம். பாதிப் பலாப்பழமும் வறுத்த கடலையும் கொண்டுவந்தான். பழத்தைக் கூடத்தில் இருக்கிற ரங்கூன் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அதுகள் தின்றதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

முத்தையா போய் இடிந்ததைப் பார்த்துவிட்டு வந்து, "விட்டுத் தள்ளுக்கா. அங்கிட்டு வந்துரு. ஒனக்கு ஒரு ரூம்பு ஒதுக்கித் தாரேன். இங்க ஒண்டியா ஏன் கெடக்கணும்?" என்றான். மனசாரத்தான் சொன்னான். அவன் பெண்டாட்டியும் தங்கம்.

ஆனால் வர மாட்டேன். அவனிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். பிறந்தது அப்பா வீட்டில். கல்யாணம் ஆகிப் போனது மாமனார் வீட்டுக்கு; புருஷன் செத்தபின் அங்கே நான் யாரோ. பிறகு தம்பி வீடு. பிறகு இந்த வாடகை அறை. எங்கே இருந்தாலும் விருந்தாளி வந்தால் நான் எழுந்து இடம் விட வேண்டியிருந்தது. ஒரு இடத்திலாவது நான் உட்கார்ந்துகொண்டு "வாங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பெரிய ஆசை என்றால் பெரிய ஆசைதான்.

இன்னொரு செய்தி. ஆசாரி வந்துவிட்டார், நிலையும் தயார். மத்தியானம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது ஒன்று தோன்றியது. மேஸ்திரியிடம் ஓடினேன்.

"நிலையை வச்சிருவோம்."

"செவுரே இல்லாமயா?"

"நிலைக்கு நாள்தானே முக்கியம்? ஆடி பதினொண்ணு வாஸ்து நாள்தானே?"

தாடையைச் சொறிந்தார். யோசித்தார். "நாள் நல்ல நாள்தான். செவுரு அப்புறம் வந்து சேந்துக்கிடும். நாலு பக்கமும் சவுக்குக் கம்பால முட்டுக் கொடுத்து நிப்பாட்டிறலாம்" என்றார். அவருக்கே அந்த வேலை பிடித்துவிட்டது, முகம் தெளிந்தது.

"வச்சுட்டா வீடுன்னு சொல்வீங்களா?"

"நெலை வச்சா பாதிங்க. பால் காச்சுனாத்தான் முழுசு."

"பாலையும் காய்ச்சிடுவோம்."

"ஆடியிலயா? அதுக்கு என்னையக் கொன்னு போட்ருங்க."

முத்தையா விழுந்து விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பாதி வந்துவிட்டார், மீதியும் வருவார்.

ஆடி 11

இன்றைக்கு இங்கிலீஷ் தேதி வேண்டாம்.

நிலை வைத்தாயிற்று.

மஞ்சள் குங்குமம் வைக்க சுமங்கலிகள் வேண்டும். நான் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். முத்தையா பெண்டாட்டிக்குக் காய்ச்சல், வரவில்லை. யாரைக் கூப்பிடுவது என்று மேஸ்திரி கேட்டுக்கொண்டிருக்கையில் அழகம்மாள் தெருவுக்குள் போய்ச் சத்தம் போட்டாள். வந்தார்கள் பாருங்கள். இடுப்பில் பிள்ளையோடு, கையில் பிள்ளையோடு, தோளில் தூங்குகிற பிள்ளையோடு. எல்லாம் என் கையில் விழுந்த பிள்ளைகள். ஒருத்தி மஞ்சள், ஒருத்தி குங்குமம், ஒருத்தி மாவிலை. நவதானியமும் காசும் வாசப்படிக்கு அடியில் போட்டார்கள். பிறகு ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்து, "நீங்க தொடாம என்னங்க நெலை" என்று நிலைமேல் வைத்தாள். பெயர் ஞாபகம் இல்லை. இரட்டைப் பிள்ளைக்காரி.

அழுதேன். மேஸ்திரி பார்க்காத மாதிரி அங்கிட்டுத் திரும்பி முட்டுக்கம்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பலாமரம் மஞ்சளாக மின்னுகிறது. இரண்டு பக்கமும் சுவர் கிடையாது. வெட்டவெளியில் ஒரு வாசல் மட்டும்.

ஜூலை 31, சனி

தூறல். நாலு துளி. மண் வாசனைக்குக்கூடப் போதாது.

ஊருக்கெல்லாம் என் வாசல் வேடிக்கை. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்க்கிறார்களாம். "காத்து வந்து போக நர்ஸம்மா வாசல் வச்சிருக்காக" என்று சந்தையில் பேசினது என் காதில் விழுந்தது. காற்றும் வரட்டும், கேப்டனும் வரட்டும்.

இன்ஷூரன்ஸ் ரெங்கசாமி வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார். "இந்த நிலைக்கு மட்டும் ஒரு இன்ஷூரன்ஸ் இருந்தா நல்லா இருக்கும்" என்றார். இல்லாத ஒன்றை விற்க முடியாத வருத்தம் அவருக்கு.

மேஸ்திரியிடம் மறுபடி பேசவில்லை. கெஞ்சினால் இன்னும் இறுகுவார். அவர் ஜாதகம் எனக்குத் தெரியும். வலி வராத பெண்ணை முக்கச் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

இன்று மத்தியானம் மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது. வீட்டுக்காரம்மா வந்து என் பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். ஒருவேளை செங்கல் விலைதான் என்றால்? நினைத்துப் பார்த்தேன். பின்னறை நிற்கிறதே, அதன்மேல் கீற்றைப் போட்டுக்கொண்டு குடி போவேன். ஆலங்குடிக்கு இல்லை.

அப்படி முடிவு செய்ததும் பசித்தது. கத்திரிக்காய்க் குழம்பு.

ஆகஸ்ட் 4, புதன்

காற்று இல்லை. நல்ல வெயில்.

டாக்டரம்மாவிடம் சொல்லி அரைநாள் வாங்கிக்கொண்டேன். வெள்ளைப் புடவை, இஸ்திரி போட்டது. போய் உள்ளே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். மேஸ்திரி குளித்து, விபூதி பூசி, வாசலுக்குப் பக்கத்தில் நின்றார்.

ஜீப் வந்தது. கேப்டன் நல்ல உயரம், மலையாளத்துக்காரர், தமிழ் கொஞ்சம் வரும். பின்னால் நம் குமாஸ்தா, கையில் தாளும் பேனாவும். ரோட்டோரம் வேடிக்கைக் கூட்டம்.

கேப்டன் எதிரே வந்து நின்று இடிந்ததைப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார். பிறகு நிலைக்கு முன்னால் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா, உள்ளே வரலாமோ?"

நான் உட்கார்ந்தபடியே, "வாங்க" என்றேன்.

தலையைக் குனிந்து, வாசப்படியை மிதிக்காமல் தாண்டி, உள்ளே வந்தார். இந்தப் பக்கம் திரும்பினால் குமாஸ்தா. அவர் வாசல் பக்கம் வரவே இல்லை. சுவர் இல்லாத இடத்தில், கொட்டிக் கிடந்த செங்கலை மிதித்துக்கொண்டு, சவுக்கு முட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்தார். வேண்டும் என்று செய்தாரா, வெயிலுக்குக் குறுக்குவழியா, தெரியாது.

மேஸ்திரி கத்தினார் பாருங்கள்.

"ஏய்யா! படிச்ச மனுசன்தானே நீ? வாசல்னு ஒண்ணு இருக்கையில, சந்து வழியாவா ஒரு வீட்டுக்குள்ள வருவாக?"

அழகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். மேஸ்திரிக்கே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தார், திட்டப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

கேப்டன் சிரிக்கவில்லை. "அப்போ இது வீடுதானோ, மேஸ்திரி?"

மேஸ்திரி நிலையைத் தொட்டார்.

"ஆமாங்க."

"எப்போ முதல்?"

"அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுன அன்னைலேருந்துங்க. வாயாலதான் சொல்றதில்லை."

கேப்டன் குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்தார். குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்தார். செங்கலைத் தாண்டி மறுபடி வெளியே போனார். செருப்பைக் கழற்றினார். வாசல் வழியாக உள்ளே வந்து, எழுதினார்.